அலையாத்திக் காடும் இறால் பண்ணையும்

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயர் உண்டு என்பதைத் தமிழர் யாவரும் அறிவர். அப்பெயர் ஒரு மரத்தின் பெயர் என்பதையும் பலர் கேட்டிருப்பர். அந்த மரம் கடல்நீர் ஏறி வற்றும் சேற்று நிலத்தில் வளரும் அலையாத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அதன் இலையைக் கிள்ளினால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. இன்று சிதம்பரத்தின் வீதிகளில் நின்று தில்லை மரத்தைத் தேடினால் காண்பது அரிது. கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்று பிச்சாவரத்து உப்பங்கழியை அடைந்தால் காணலாம். பெயரை மட்டும் ஊருக்குக் கொடுத்துவிட்டு மரம் கடலை நோக்கி ஒதுங்கிவிட்டது போலும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கிறது பிச்சாவரம். நகரத்தார் பலருக்கு அது 1975-இல் வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படத்தில் எம்.ஜி.ஆர். படகில் சென்ற இடம்; அல்லது பள்ளிச் சுற்றுலாவில் ஒரு மணி நேரம் துடுப்புப் படகில் சுற்றிவந்த இடம். அங்கிருந்து தெற்கே கடலோரமாகவே இறங்கினால் பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் எனச் சென்று முத்துப்பேட்டையை அடையலாம். அங்கே இருப்பது தமிழகத்தின் மிகப் பெரிய அலையாத்திக் காடு. இவ்விரு காடுகளுக்கும் இடைப்பட்ட நிலம்தான் காவிரியின் கடைமடை. கடந்த நூறு ஆண்டுகளில் இந்தக் கரையில் நிகழ்ந்தவற்றை அறியாமல், அங்குள்ள காட்டைப் பற்றியோ இறால் பண்ணையைப் பற்றியோ பேசுவதில் பயன் இல்லை.

அலையின் சீற்றத்தை ஆற்றுவது அலையாத்தி என்று கடலோர மக்கள் பொருள் சொல்வர். சொல்லாராய்ச்சியாளர் இதனை ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும் அதன் இயல்பைச் சொல்லும் சொல் அதுவே. நாள்தோறும் இருமுறை கடல்நீர் ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. நம் கரையில் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். அந்தச் சிறு அளவில்தான் காட்டின் உயிர் இருக்கிறது. மூச்சுக் காற்று புகாத சேற்றில் வேரூன்றிய வெண்கண்டல், பென்சில் நட்டு வைத்தாற்போல் ஆயிரக்கணக்கான மூச்சுவேர்களை மண்ணுக்கு மேலே நீட்டுகிறது. சுரபுன்னையோ கிளையிலிருந்தே முட்டுவேர்களை இறக்கித் தன்னைத் தாங்கிக்கொள்கிறது. அதன் காய் மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய்போல் நீண்டு, பிறகே சேற்றில் விழுகிறது. வேர்களுக்கு இடையிலுள்ள நிழல் நீரில் மீன்குஞ்சும் நண்டும் வளர்கின்றன. இறாலும் இங்கே வளர்வதுதான். தாய் இறால் ஆழ்கடலில் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் ஓதநீரோடு கழிமுகத்துக்குள் புகுந்து, வேர்க்காட்டில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். பின்னாளில் எந்த உயிரின் பெயரால் இக்கரையில் வழக்கும் வம்பும் மூண்டனவோ, அதன் தாய்வீடே இந்தக் காடுதான்.

முத்துப்பேட்டைக் காட்டின் வரலாறு சத்திரங்களோடு பிணைந்தது. தஞ்சை மராத்திய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழி நெடுகிலும் சத்திரங்கள் அமைத்து, யாத்திரிகர்க்கு உணவும் இடமும் அளித்தனர். அச்சத்திரங்களின் செலவுக்கு ஒதுக்கப்பட்ட சொத்துகளுள் இந்தக் காடும் ஒன்று. காட்டு விறகும் பிற பொருள்களும் விற்ற பணம் வழிப்போக்கர்க்குச் சோறாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடு அரசின் கைக்கு மாறியது. 1937-இல் வனத்துறையின் பொறுப்பில் வந்தது. சத்திரத்து நிர்வாகம் காட்டைப் போற்றிப் பாதுகாத்தது என்று நான் சொல்ல வரவில்லை. வெட்டு அப்போதும் நடந்தது. ஆனால் காட்டை மொத்தமாக மொட்டையடிக்கும் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது ஆங்கிலேயர் காலத்து வனத்துறையில்தான்.

அந்தத் திட்டத்துக்குக் கூப்பு என்று பெயர். காட்டைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒன்றாக அடியோடு வெட்டி விறகாக விற்பார்கள். கடைசித் துண்டை வெட்டி முடிப்பதற்குள் முதல் துண்டு மீண்டும் வளர்ந்துவிடும் என்பது கணக்கு. தேக்குக் காட்டுக்கும் சவுக்குத் தோப்புக்கும் பொருந்தக்கூடிய அந்தக் கணக்கு அலையாத்திக்குப் பொருந்தவில்லை. மரங்கள் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றிய மண் சுருங்கித் தாழ்ந்தது. காட்டின் நடுப்பகுதி தாம்பாளம்போல் குழிந்தது. பெரிய ஏற்றத்தின்போது அதில் புகுந்த கடல்நீர் வற்றத்தின்போது வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் வெயிலில் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. ஆண்டுக்கு ஆண்டு உப்பு கூடி, கடலின் உவர்ப்பையும் விஞ்சிய அந்த மண்ணில் விழுந்த விதை எதுவும் பிழைக்கவில்லை. கூப்பு முறை 1970-களில் கைவிடப்பட்டபோது, பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் காட்டின் நடுவே பரந்த வெற்றுத் திடல்கள் வெளுத்துக் கிடந்தன.

இதற்கு யார் காரணம் என்று கேட்டபோது, நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை ஒன்றுதான்: சுற்றியுள்ள ஊரார் விறகு வெட்டினர், மாடு மேய்த்தனர், காடு அழிந்தது. ஏழையின் அரிவாளே எல்லா அழிவுக்கும் காரணம் என்று எழுதுவது அலுவலகக் குறிப்புகளுக்கு எளிது. மாடு மேய்ந்ததும் விறகு வெட்டியதும் பொய்யல்ல. ஆயினும் 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் நிலமட்டத்தையும் மண்ணின் உப்பையும் அளந்து பார்த்தபோது, முதற்காரணம் அந்தத் திட்டமிட்ட மொட்டையடிப்பே எனத் தெளிந்தது. ஊரார்மீது பல பத்தாண்டுகளாகச் சுமத்தப்பட்ட பழியின் பெரும்பகுதி அன்று நீங்கியது.

உப்பு மிகுந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. காவிரியின் நன்னீர் வயலுக்கு ஒழுங்காகச் சென்றது; கடலுக்குச் செல்வது குறைந்தது. கடலுக்குப் போகும் நீர் வீண் என்று நாம் பாடநூலில் படித்தோம். அலையாத்திக்கோ ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்த உவர்நீரே வேண்டும். உப்பை அதிகம் தாங்காத மர இனங்கள் ஒவ்வொன்றாகக் குறைய, எதையும் தாங்கும் வெண்கண்டலே முத்துப்பேட்டையில் மிகுந்து நின்றது.

இனி, இக்காடுகளுக்கு இடையிலுள்ள வயல்வெளிக்கு வருவோம். கடைமடையில் நிலம் சிலரிடமும் உழைப்பு பலரிடமும் இருந்தது. 1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு விழாவின் இரவில், நாகப்பட்டினம் அருகே கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். இறந்தவர்களில் மிகப் பலர் பெண்களும் குழந்தைகளும். அந்தக் கொடுமைக்குப் பின் கீழத்தஞ்சைக்கு வந்து தங்கியவர்கள் சர்வோதயத் தொண்டர்களான ஜெகந்நாதனும் அவர்தம் துணைவியார் கிருஷ்ணம்மாளும். வினோபாவின் பூதான இயக்கத்தில் ஊறியவர்கள். 1981-இல் 'லாப்டி' என்னும் அமைப்பைத் தொடங்கி, நிலவுடைமையாளரிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற குடும்பங்களுக்கு, அதிலும் பெண்களின் பெயரிலேயே, பதிவு செய்து கொடுத்தனர். வாழ்நாளில் ஒருமுறையேனும் பட்டாவில் தன் பெயரைக் காணாத ஒரு தலைமுறைக்கு அது கிடைத்தது.

அந்தப் பணி நடந்துகொண்டிருந்த அதே வயல்களுக்கு, 1990-களின் தொடக்கத்தில் வேறு வகையான நில வணிகம் வந்தது. வெளிநாட்டுச் சந்தையில் வரி இறாலுக்கு நல்ல விலை. ஏற்றுமதியால் அன்னியச் செலாவணி. நீலப் புரட்சி என்று அதற்குப் பெயர் சூட்டினர். சீர்காழி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பகுதிகளில் கடலோர நிலங்களை நிறுவனங்கள் வாங்கத் தொடங்கின. விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கடைமடைக்குக் காவிரி நீர் வருவது நிச்சயமில்லை. நெல்லுக்கு விலை இல்லை. ஏக்கருக்குப் பன்மடங்கு விலை தருவோம் என்று ஒருவர் வாசலில் வந்து நின்றால், கடனில் மூழ்கிய உழவன் என்ன செய்வான்?

ஆனால் அந்த விலை நிலத்துக்கு உரிமையாளனுக்குத்தான். நாற்று நட்ட பெண்ணுக்கும், களை எடுத்தவளுக்கும், அறுவடையில் கதிர் பொறுக்கியவளுக்கும் அதில் பங்கில்லை. வயல் போனால் வேலை போகும். பண்ணைக்கு வேண்டிய ஆள்களோ மிகக் குறைவு, அவர்களிலும் காவலாளியே முதன்மை. குளத்தைச் சுற்றி முள்வேலி எழுந்தது. கடற்கரைக்குச் செல்லும் பாதைகள் அடைபட்டன. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே கடலுக்குச் சென்ற மீனவர் சுற்றிப் போக நேர்ந்தது.

பண்ணையின் இயக்கத்தைச் சற்றே விளக்க வேண்டும். கழிமுகத்துக்கோ கடலுக்கோ அருகில் நிலத்தைத் தோண்டிக் கரை எழுப்புவர். மோட்டார் வைத்துக் கடல்நீரை இறைப்பர். கடல்நீரின் உவர்ப்பு வரி இறாலுக்கு அதிகம் என்பதால், ஆழ்துளைக் கிணறு அமைத்து நிலத்தடி நன்னீரை எடுத்து அதனோடு கலப்பர். இயற்கையில் இருப்பதைவிடப் பன்மடங்கு நெருக்கமாகக் குஞ்சு விடுவதால், மூச்சுக்காகத் துடுப்புச் சக்கரங்கள் இரவும் பகலும் நீரைக் கலக்கிக்கொண்டிருக்கும். தீவனம், சுண்ணாம்பு, நோய்த்தடுப்பு மருந்து எனப் பலவும் நீரில் சேரும். நான்கு மாதத்தில் அறுவடை. பின்னர் தின்னாத தீவனமும் கழிவும் கலந்த நீர் அப்படியே வாய்க்காலில் திறந்துவிடப்படும். மேலே தேங்கிய உப்புநீர் கீழே கசிகிறது. கீழே இருந்த நன்னீரோ உறிஞ்சப்படுகிறது. அந்த இடத்துக்குக் கடல்நீர் நிலத்தடியில் ஊர்ந்து வருகிறது. இந்த மூன்றும் ஒருசேர நிகழும் ஊரில் குடிநீர்க் கிணறு உவர்ப்பாக மாறுவதற்கு நெடுநாள் வேண்டியதில்லை. பக்கத்து வயலின் நெற்பயிர் நுனி கருகும். குடத்தை இடுப்பில் வைத்து இரண்டு மூன்று கிலோமீட்டர் நடப்பது பெண்களின் தலையில் விழுந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இறால் வளர்ப்பு என்பதே தீமை என்று எண்ணுதல் கூடாது. கேரளத்தின் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல்லும், நீர் உவர்ப்பேறும் மாதங்களில் இறாலும் மாறி மாறி விளைகின்றன. வங்காளத்தின் பேரிகளிலும் அத்தகைய வழக்கம் உண்டு. ஓதநீரே குஞ்சைக் கொண்டு வரும். ஓதநீரே கழிவை எடுத்துச் செல்லும். வேறுபாடு இறாலில் இல்லை. நீர் தன் போக்கில் வந்து போகிறதா, அல்லது மோட்டாரால் சிறைப்படுகிறதா என்பதில் இருக்கிறது.

தமிழகத்தில் இறால் குளங்கள் பெரும்பாலும் காட்டை வெட்டி எழுந்தவை அல்ல. காடு வனத்துறையின் பொறுப்பில் இருந்ததால் ஓரளவு தப்பியது. குளங்கள் வந்தவை வயலிலும் உப்பளத்திலும் புறம்போக்கிலும்தான். ஆயினும் முத்துப்பேட்டைக் காட்டைச் சுற்றி எழுந்த பண்ணைகள் காட்டுக்கு நீர் கொண்டுவரும் அதே வாய்க்கால்களில் மோட்டார் வைத்தன. கழிவையும் அவற்றிலேயே விட்டன. கத்தோலிக்கர் மிகுந்த பிலிப்பைன்ஸ் நாட்டின் நிலை இன்னும் கொடியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நான்கு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த அலையாத்தி, நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ ஒன்றேகால் லட்சமாகச் சுருங்கியது. மீன் குளமும் இறால் குளமும் அதற்குப் பெருங்காரணம். அந்நாட்டு ஆயர்கள் 1988-இலேயே தம் நிலத்துக்கும் கடலுக்கும் நேர்ந்த அழிவைப் பற்றி ஒரு மேய்ப்புப் பணிச் சுற்றறிக்கை விடுத்தனர். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலின் 39-ஆம் பத்தியிலும் கடலோர அலையாத்திக் காடுகள் மறைந்து வருவது கவலைக்குரியதெனப் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளது. அந்தப் பத்தியை நம் கடலோரப் பங்குகளில் எத்தனை பேர் படித்திருப்போம் என்பது வேறு கேள்வி.

நாகை மாவட்டத்தில் எதிர்ப்பு மெல்லத் திரண்டது. முன்னின்றவர்கள் நிலமற்ற பெண்கள். உடன் நின்றவர்கள் மீனவர்கள். எண்பதை எட்டிக்கொண்டிருந்த ஜெகந்நாதன் பண்ணை வாயில்களில் சத்தியாக்கிரகம் இருந்தார், உண்ணாநோன்பு மேற்கொண்டார், ஊர் ஊராக நடந்தார். 1994-இல் அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். சுற்றுச்சூழல் வழக்குகளுக்குப் பெயர் பெற்ற எம்.சி. மேத்தா அவர்தரப்பு வழக்கறிஞர். நீதிமன்றம் நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தாரை, 'நீரி' எனச் சுருக்கமாக அழைக்கப்படுவோரை, நேரில் சென்று பார்த்து அறிக்கை தரப் பணித்தது. இறால் பண்ணையால் வரும் வருவாயைவிட அதனால் சூழலுக்கும் மக்களுக்கும் நேரும் இழப்பு மிகுதி என்று அவர்களின் மதிப்பீடு கூறியது. கிணற்று நீரின் உவர்ப்பும், இழந்த கூலியும், அடைபட்ட வழியும் ஏற்றுமதிக் கணக்கின் எதிர்ப்பக்கத்தில் எழுதப்பட்டது அப்போதுதான். 1995-இல் தமிழக அரசும் இறால் வளர்ப்பை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் இயற்றியது.

1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது ஆகியோர் தீர்ப்பளித்தனர். கடலின் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், மரபுவழி வளர்ப்பும் மேம்படுத்தப்பட்ட மரபுவழி வளர்ப்பும் நீங்கலாக, இறால் குளம் எதுவும் இருத்தல் கூடாது. இருப்பவை 1997 மார்ச் 31-க்குள் இடிக்கப்பட வேண்டும். சிலிகா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்கும் அதே விதி. விளைநிலம், உப்பளம், அலையாத்தி, சதுப்பு நிலம், காடு, ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றை இறால் குளமாக்குதல் கூடாது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும். மூடப்படும் பண்ணைத் தொழிலாளர்க்கு ஆறு ஆண்டுக் கூலி தர வேண்டும். பட்டா இல்லாதவர்களின் கிணறும் நடைபாதையும் நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தில் வழக்குப் பொருளாகி, வென்றன.

அந்த வெற்றியின் ஆயுளைப் பார்ப்போம். 1997 தொடக்கத்தில் தீர்ப்பின்படி ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் மறு ஆய்வு மனுக்கள் குவிய, இடிப்பு நிறுத்திவைக்கப்பட்டது. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. பண்ணைகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதியவை கூடாது என்றும் அச்சட்டம் விதித்தது. அதனுள் ஒரு பிரிவு வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியது. 1991 பிப்ரவரியில் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையே 1996 தீர்ப்பின் அடித்தளம். அந்த அறிவிக்கையின் தடை கடலோர இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்ற வாசகத்தை, 1991-ஆம் ஆண்டு முதலே அது அங்கு இருந்ததாகக் கொள்ளும்படி, 2005-இல் சேர்த்தனர். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னோக்கிச் சென்று ஒரு சொற்றொடர் எழுதப்பட்டது. தீர்ப்பு நிற்பதற்கு நிலம் இல்லாமல் போயிற்று. சட்டம் இயற்றும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு என்பதை மறுப்பார் இலர். என்றாலும் நாகைக் கரையில் முள்வேலியைச் சுற்றி நடந்த பெண்ணுக்கு இதை எப்படி விளக்குவது என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

சட்டம் செய்யாததைச் சில காலம் நோய் செய்தது. 1994, 1995-இல் வெண்புள்ளி நோய் இந்தியக் கடலோரப் பண்ணைகளில் பரவியது. நேற்றுவரை நீந்திய இறால் குவியல் குவியலாக மிதந்தது. பல நிறுவனங்கள் குளத்தைக் கைவிட்டுச் சென்றன. கைவிடப்பட்ட குளம் மீண்டும் வயலாகவில்லை. உப்பு ஏறிய மண்ணில் நெல் வராது. மீட்க முயன்றாலும் பல ஆண்டு மழையும் நன்னீரும் வேண்டும்.

இந்த வழக்கு நடந்த அதே ஆண்டுகளில் பிச்சாவரத்தில் ஓசையின்றி வேறொரு வேலை தொடங்கியது. காடு செத்ததற்குக் காரணம் தேங்கிய நீர் என்று அறிந்தபின், செய்ய வேண்டியது எளிதாயிற்று: நீர் வரவும் போகவும் வழி செய்தல். 1993 முதல் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடும் ஊராரோடும் சேர்ந்து வெற்றுத் திடல்களில் வாய்க்கால் வெட்டினர். இயற்கையான ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால் சாய்வாகப் பிரியும். அதன் இருபுறமும் சிறு வாய்க்கால்கள் சாய்வாகப் பிரியும். மேலிருந்து பார்த்தால் மீன்முள்போல் தோன்றும். ஏற்றத்தில் கடல்நீர் கடைசி முள்வரை செல்லும். வற்றத்தில் மண்ணின் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். உப்புத் தணிந்த பின் வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டல் நாற்றும் சுரபுன்னைக் காயும் நட்டனர். சில ஆண்டுகளில் திடல் பசுமையாயிற்று. இதன் கருத்து முத்துப்பேட்டை ஊராருக்கு முற்றிலும் புதிதன்று. மீன் பிடிப்பதற்காகக் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டும் வழக்கம் அவர்களுக்குத் தலைமுறைகளாக உண்டு. அந்த வாய்க்கால்களின் கரையில் மரம் செழித்திருந்ததை அவர்கள் கண்டே இருந்தனர். காட்டை அழித்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்களே மண்வெட்டி எடுத்து அதை மீட்டனர். ஊர்தோறும் அலையாத்தி மன்றங்கள் அமைந்தன. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் மாற்று ஏற்பாடுகள் பேசி முடிக்கப்பட்டன.

கிள்ளை அருகே வாழும் இருளர் மக்களைப் பற்றி இங்கே ஒரு சொல். வலையும் படகும் இல்லாத அவர்கள் கழுத்தளவு நீரில் இறங்கி, வேர்களுக்கு இடையே கைகளால் தடவித் தடவி இறாலைப் பிடித்துப் பனையோலைப் பையில் போட்டுக்கொள்வர். அந்தப் பையைப் பல்லால் கடித்துப் பிடித்தபடியே கழியில் நகர்வர். ஒருவர் ஒரு நாளில் பிடிப்பது ஒரு வேளைச் சோற்றுக்குத்தான் காணும். துடுப்புச் சக்கரம் சுழலும் குளத்திலும், இருளர் கைவிரல் தடவும் சேற்றிலும் இருப்பது இறால்தான். காடு இருந்தால் இவர்களுக்குப் பிழைப்பு உண்டு. மீட்புப் பணியில் இவர்களும் கூலிக்கு வாய்க்கால் வெட்டினர்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. அந்த நாளைப் பற்றி நம் மறைமாவட்டங்களில் எவருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வேளாங்கண்ணி அன்னையின் சந்நிதிக்கு வந்த திருப்பயணிகளைக் கடற்கரையிலேயே அலை அள்ளிச் சென்றது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிச்சாவரத்தை ஒட்டிய பகுதியில், கடலை நேரே நோக்கியிருந்த குப்பங்கள் சிதைந்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த சிற்றூர்கள் பெருஞ்சேதமின்றித் தப்பின. அடுத்த ஆண்டு அறிவியல் ஏடுகளில் இதைப் பற்றி ஆய்வுகள் வெளிவந்தன. தப்பியதற்குக் காரணம் காடா, அல்லது அவ்வூர்கள் கடலிலிருந்து தொலைவாகவும் மேட்டிலும் இருந்ததா என்று அறிஞர்கள் வாதிட்டனர். வாதம் நியாயமானதே; எவ்வளவு பெரிய அலையையும் மரம் நிறுத்திவிடும் என்று மக்களை நம்ப வைப்பது ஆபத்து. என்றாலும் இன்னொன்றையும் கருத வேண்டும். அலையாத்தி இருக்கும் இடத்தில் வீடு கடலின் விளிம்பில் எழாது. காடு தானே ஒரு தொலைவை ஏற்படுத்தி விடுகிறது. அந்தத் தொலைவும் காடு தந்ததுதான்.

சுனாமிக்குப் பின் அலையாத்திக்கு மதிப்புக் கூடியது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 1987-இல் தமிழகத்தில் 23 சதுர கிலோமீட்டராக இருந்த அலையாத்திப் பரப்பு 2021 அறிக்கையில் 45 சதுர கிலோமீட்டர். 2022-இல் பிச்சாவரம் உலகச் சிறப்புடைய சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2023-இல் நடுவண் அரசு அலையாத்தி வளர்ப்புக்கெனவே 'மிஷ்டி' என்னும் திட்டத்தை அறிவித்தது. இடையில் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தருகே கரை கடந்த கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டைப் பெருமளவு முறித்துப் போட்டது. அது மீண்டு வருகிறது.

இறாலும் திரும்பி வந்தது. 2009-இல் பசிபிக் கடலைச் சேர்ந்த வெள்ளை இறாலான வன்னமைக்கு அரசு அனுமதி தந்தது. வரி இறாலைவிட நெருக்கமாக வளரக்கூடியது; நோய் நீக்கிய தாய் இறாலை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து குஞ்சு பொரிக்கின்றனர். கைவிட்ட குளங்களில் பல மீண்டும் நிரம்பின. இந்தியா உறைய வைத்த இறாலை ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளுள் ஒன்றாயிற்று. 2023-இல் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டபோது, பதிவின்றிப் பண்ணை நடத்துவோர்க்கு இருந்த சிறைத் தண்டனை நீங்கி, பண அபராதம் அதன் இடத்துக்கு வந்தது.

ஜெகந்நாதன் 2013 பிப்ரவரியில் மறைந்தார். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னர், 2008-இல், மாற்று நோபல் எனப்படும் விருது அவருக்கும் கிருஷ்ணம்மாளுக்கும் லாப்டி அமைப்புக்கும் வழங்கப்பட்டது. 2020-இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

கரையை ஒட்டிய சாலையில் சென்றால் மூன்று வகை நிலம் ஒன்றை அடுத்து ஒன்றாகத் தென்படும்: சக்கரம் சுழலும் குளம், வெளுத்துக் கிடக்கும் பழைய குளம், அப்பால் பச்சைக் கோடாக அலையாத்தி. நடுவில் உள்ள அந்தப் பழைய குளங்களில் பல, ஓதநீர் எட்டும் மட்டத்தில்தான் இருக்கின்றன. கரையில் ஓரிடத்தை வெட்டி, மீன்முள் வாய்க்காலை அதற்குள் நீட்டினால் கடல் தானே விதையைக் கொண்டுவந்து போடும். பிச்சாவரத்தில் முப்பது ஆண்டுகளாகக் கண்டு தேறிய வேலை அது. ஆனால் வனத்துறையின் மண்வெட்டி வனத்துறை நிலத்தோடு நின்றுவிடுகிறது. பழைய குளத்தின் கரையோ பட்டா நிலத்தில் இருக்கிறது. அதை வெட்டுவதற்கு அந்தப் பட்டாவில் பெயர் உள்ளவர் கையெழுத்திட வேண்டும். அவர்களில் பலர் இப்போது அந்த ஊர்களில் இல்லை.